ஜாடிக்கேத்த ஊரு!

ஹாஸ்டல் அலமாரியைத் திறந்து பாருங்க. புக்ஸ் இருக்கோ இல்லையோ, மூலையில ஒரு ஊறுகாய் பாட்டில் கட்டாயம் இருக்கும். மெஸ் தயிர்சாதத்துக்கு உயிர் கொடுக்கிறது அதுதான். ரூம்மேட்ஸ் மோப்பம் பிடிச்சு வந்து ஒரே வாரத்துல வழிச்சுக் காலி பண்றதும் அதைத்தான்.

அந்த பாட்டிலுக்கு ஒரு தாய் உண்டு. அட, உங்க அம்மாவைச் சொல்லலைங்க! சமையலறை மூலையிலோ பரண் மேலயோ, மேல பழுப்பு, கீழ வெள்ளைன்னு ரெண்டு கலர்ல, தொப்பையைத் தள்ளிக்கிட்டு உட்கார்ந்திருக்குமே ஒரு பீங்கான் ஜாடி... அதைச் சொல்றேன். லீவு முடிஞ்சு நீங்க கிளம்புறப்ப அதுலேர்ந்துதான் அள்ளி பாட்டில்ல அடைச்சுத் தர்றாங்க. இந்த வாரம் நாம போகப்போறது ஜாடிகளோட ஊருக்கு.

உங்க வீட்டு ஜாடி உத்தரப்பிரதேசத்து குர்ஜாவுல பொறந்து லாரி ஏறி வந்ததாகூட இருக்கலாம். ஆனா தமிழ்நாட்டுல பீங்கான்னு சொன்னதும் சட்னு வாயில வர்ற ஊர், கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். சென்னையிலிருந்து போறவங்களுக்கு வழி ரொம்ப ஈஸி. எழும்பூர்ல பல்லவனோ வைகையோ பிடிச்சா, விழுப்புரம் தாண்டி நேரா விருத்தாசலம் ஜங்ஷன். திருச்சி லைன்ல இருக்கிற இந்த ஸ்டேஷன்ல ஒரு பக்கம் சேலத்துக்கும் இன்னொரு பக்கம் கடலூருக்கும் தண்டவாளம் பிரியுது. பெரும்பாலானவங்க இந்த ஊரை ஜன்னல் வழியா மட்டும்தான் பார்த்திருப்பாங்க. ஒரு தடவை இறங்கித்தான் பாருங்களேன்.

ஊருக்குப் பழைய பேரு திருமுதுகுன்றம். பழமலைன்னும் சொல்வாங்க. பழம்னதும் மாம்பழம், பலாப்பழம்னு நாக்கைச் சப்புக் கொட்டாதீங்க... பழைய மலைன்னு அர்த்தம்! ஊர் நடுவுல விருத்தகிரீஸ்வரர் கோயில். கோபுரம் அஞ்சு, பிராகாரம் அஞ்சு, தீர்த்தம் அஞ்சுன்னு இங்க எல்லாமே அஞ்சு அஞ்சா இருக்குன்னு பெருமையா சொல்வாங்க. படி இறங்கிப் போய்க் கும்பிடற ஆழத்துப் பிள்ளையாரையும் பார்த்துட்டு, அப்படியே வெளியே வந்தா மணிமுத்தாறு.

இந்த ஆத்துக்கு ஒரு கதை உண்டு. சுந்தரருக்கு இங்கே 12,000 பொன் கிடைச்சுதாம். வழியில திருட்டு பயம். சிவபெருமான் சொன்னபடி அதை மணிமுத்தாத்துல போட்டுட்டு, திருவாரூர் போய் கமலாலயக் குளத்துல இறங்கித் தேடி எடுத்தாராம். 'ஆத்துல போட்டுக் குளத்துல தேடுறது'ன்னு நாம கிண்டலா சொல்றோமே, அந்தப் பேச்சோட இந்தக் கதையும் ஒட்டிக்கிட்டே வருது. யோசிச்சுப் பார்த்தா ஊறுகாயும் அதே கணக்குதான். பங்குனியில ஜாடிக்குள்ள போடுறோம், மார்கழியில எடுக்குறோம். நடுவுல திருடன் வராமப் பார்த்துக்கணும். இங்க திருடன்னா பூஞ்சக்காளானும் பாக்டீரியாவும்.

இதே 12,000 இன்னொரு இடத்துலயும் வருது பாருங்க. பிரான்ஸ்ல நிக்கோலா அப்பேர்னு ஒரு மிட்டாய்க்காரர். உணவுப்பொருளைக் கண்ணாடி பாட்டில்ல இறுக்கமா அடைச்சு, கொதிக்கிற தண்ணியில வச்சு எடுத்தா மாசக்கணக்குல கெடாதுன்னு செஞ்சு காட்டினார். 1810-ல அந்த ஊர் அரசாங்கம் அவருக்குக் கொடுத்த பரிசு 12,000 பிராங்க்! ஏன் கெடலைன்னு அப்போ அவருக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் வில்லன்னு லூயி பாஸ்டர் நிரூபிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு. 1858-ல அமெரிக்காவுல ஜான் மேசன் திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார். அதுக்கப்புறம் அந்த ஊர் வீடுகள்ல கோடைக்காலம்னா குடும்பமே உட்கார்ந்து பீச் பழத்தையும் தக்காளியையும் பாட்டில்ல அடைக்கிறதுன்னு ஆகிப்போச்சு.

நம்ம ஊர்ல அந்தக் கொதிக்கிற வேலையெல்லாம் எதுக்கு? சும்மா கிடைக்குது வெயில். மரக்காணம் பக்கம் போனா உப்பளம். செக்குல நல்லெண்ணெய். இது மூணும் சேர்ந்தா மாங்காய் என்ன, நார்த்தங்காய் என்ன, நெல்லிக்காய் என்ன... எல்லாம் அடங்கிடும். ஆனா ஒண்ணு. உப்பும் புளிப்பும் சேர்ந்து வருஷக்கணக்குல ஒரே இடத்துல கிடக்கணும்னா, அதைத் தாங்குற பாத்திரம் வேணும். அலுமினியத்தை அரிச்சிடும், இரும்பைத் துருவாக்கிடும், ஈயம் பூசாத பித்தளையில களிம்பு ஏறிடும். சுட்ட மண்பானையோ உப்புத்தண்ணியைக் குடிச்சுக் கசியும். அங்கேதான் வர்றார் நம்ம ஹீரோ பீங்கான் ஜாடி.

பூமிக்கடியிலிருந்து...

விருத்தாசலத்துலேர்ந்து வடலூர் போற பக்கம் நெய்வேலி. நிலக்கரிச் சுரங்கம் எல்லாருக்கும் தெரியும். 1956-ல தொடங்கின நிறுவனம். ஆனா அங்க பழுப்பு நிலக்கரியை எட்டுறதுக்கு முன்னாடி, மேல மூடியிருக்கிற மண்ணை மலைமலையா அள்ளிக் கொட்டணும். அந்த மண்ணோட மண்ணா வருது வெள்ளைக் களிமண். கரிக்காகத் தோண்டினவங்களுக்கு அது இடைஞ்சல். பீங்கான்காரங்களுக்கு அதுதான் மூலதனம். இந்த மண்ணை நம்பித்தான் விருத்தாசலத்துல செராமிக் தொழிற்பேட்டையே வந்தது. கூடவே பீங்கான் தொழில்நுட்பத்துக்குன்னே அரசு நடத்துற டிப்ளமோ படிப்பும் இந்த ஊர்ல இருக்கு. கம்ப்யூட்டர், எலெக்ட்ரானிக்ஸ் தவிர வேற படிப்பே இல்லைன்னு நினைக்கிற தம்பி தங்கச்சிங்க இருந்தா காதுல போட்டு வைங்க. டிகிரியா வேணும்னா, சென்னையில அண்ணா பல்கலைக்கழகத்தோட ஏ.சி. டெக்ல செராமிக் டெக்னாலஜி இருக்கு.

வெறும் களிமண்ணை மட்டும் சுட்டா பீங்கான் ஆகிடாது. களிமண் உருவம் கொடுக்கும். குவார்ட்ஸ் எலும்பு மாதிரி நின்னு பிடிக்கும். ஃபெல்ட்ஸ்பார்ங்கிற கல் சூட்டுல உருகி, இடுக்குல எல்லாம் கண்ணாடியாப் பாயும். மூணையும் பொடிச்சுத் தண்ணி விட்டுக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல ஊத்துறாங்க. அச்சு தண்ணியைக் குடிச்சிடும். ஓரத்துல ஒரு படலம் கட்டியாகும். மிச்சக் கூழைக் கவிழ்த்துட்டா உள்ளே காலியா ஒரு பொம்மை ரெடி. கொலுவுக்கு நீங்க வாங்குற செட்டியாரம்மாவும் செட்டியாரும் இப்படி உள்ளே ஒண்ணுமில்லாம இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். ஜாடி மாதிரி உருண்டையான சமாசாரத்தைச் சுத்துற அச்சுல மண்ணை அழுத்தியும் வனைவாங்க.

அப்புறம் காய வைக்கிறது. பொறுமை இல்லாம சூளையில வச்சா, உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெடிச்சிடும். காய்ஞ்சதும் மேல மெருகுக் கரைசல்ல முக்கிச் சூளையில அடுக்கி, 1,200 டிகிரி செல்சியஸ் பக்கம் கொண்டு போறாங்க. அந்தச் சூட்டுல மெருகு உருகி, ஜாடி மேல கண்ணாடித் தோல் மாதிரிப் படிஞ்சிடும். சில வகை ஜாடிக்குத் தனியா மெருகே வேண்டாம். சூளை உச்சச் சூட்டுல இருக்கும்போது உள்ளே உப்பை அள்ளி வீசினாப் போதும். உப்புல இருக்கிற சோடியம் களிமண்ணுல இருக்கிற சிலிக்காவோட சேர்ந்து கண்ணாடியாகிடும். எனக்கு இதுதான் ஆச்சரியம். மாங்காயைக் காப்பாத்துற அதே உப்பு, ஜாடிக்கும் சட்டை தைச்சுக் கொடுக்குது!

இன்னொரு விஷயம். காயும்போதும் சுடும்போதும் சேர்த்து மண் சுமார் 10 சதவீதம் சுருங்கும். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு சூளைக்கும் அது கொஞ்சம் மாறும். அதனால ஜாடியையும் மூடியையும் ஒரே மண்ணுல செஞ்சு ஒண்ணாவே சுட்டாத்தான் பொருந்தும். வேற மூடியை எடுத்துப் போட்டா ஆடும், இல்லைன்னா சிக்கும். கல்யாண வீட்டுல பெருசுங்க 'ஜாடிக்கேத்த மூடி'ன்னு சொல்றது சும்மா எதுகைக்கு இல்லை பாஸ்... சுத்தமான இன்ஜினீயரிங்!

ஈரக்கை ஆகாது

மாசி மகத்துக்கு விருத்தாசலத்துல பெரிய திருவிழா. கூட்டம் அள்ளும். அதே மாசி, பங்குனியிலதான் சந்தையில மாவடு வந்து இறங்கும். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெருசு, காம்போட, பச்சைப்பசேல்னு. அன்னைக்கு வீட்டுல எல்லாருக்கும் டியூட்டி உண்டு. தாத்தா பேப்பரை மடிச்சு வச்சுட்டு அடிபட்டதைப் பொறுக்கித் தள்ளுவார். அம்மா கழுவித் துணியில பரப்புவாங்க. அப்பாவுக்குப் பரண்லேர்ந்து ஜாடியை இறக்குற வேலை. 'மெதுவா... மெதுவா...'ன்னு கீழேருந்து நாலு பேர் கத்துவாங்க. பாட்டிதான் கமாண்டர். சின்னதுகளுக்குக் காக்கா விரட்டுற வேலை. காலேஜ் போற அண்ணனுக்கு? கரெக்ட்... நைஸா நழுவுற வேலை.

விளக்கெண்ணெயை மாவடு மேல லேசாப் புரட்டி, கிலோவுக்கு 150 கிராம் வரைக்கும் கல் உப்பு, கடுகுப்பொடி, மஞ்சள், மிளகாய்த்தூள்னு மாத்தி மாத்தி அடுக்கினா முடிஞ்சது. ஒரு சொட்டுத் தண்ணி விடக் கூடாது. ஆனாலும் மறுநாள் பார்த்தா ஜாடியில தண்ணி! உப்பு மாங்காய்க்குள்ள இருந்து இழுத்துக்கிட்ட தண்ணி அது. பிளஸ் டூவுல ஆஸ்மாஸிஸ்னு மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க் வாங்கினோமே, அதேதான். அந்த உப்புத்தண்ணியில கெட்ட கிருமியால தாக்குப்பிடிக்க முடியாது. உப்பைத் தாங்குற லாக்டிக் பாக்டீரியா மட்டும் மெல்ல வளர்ந்து புளிப்பை ஏத்தும். புளிப்பு ஏற ஏற மத்த கிருமிக்கு நுழைவுச்சீட்டே கிடையாது. தினம் ஒரு தடவை குலுக்கிவிட்டா, ரெண்டு வாரத்துல மாவடு பாட்டி கன்னம் மாதிரி சுருங்கி ரெடியாகிடும்.

ஜாடி வாயில வெள்ளைத்துணி போட்டுக் கயித்தால இறுக்கிக் கட்டுவாங்களே, அதுக்கு வேடு கட்டுறதுன்னு பேரு. பூச்சி போகாது, உள்ள இருந்து வர்ற காத்து வெளியேறும். ஆவக்காய், மாங்காய் வத்தல் மாதிரி சமாசாரமா இருந்தா வெயில்லயும் வைப்பாங்க. ஜாடிச் சுவர் தடிமன். வெளிச்சத்தை உள்ளே விடாது, சூட்டையும் சட்டுனு ஏத்தாது. கண்ணாடி பாட்டில்ல வச்ச ஊறுகாய் ஜன்னலோரமா நிறம் மங்குறதும், ஜாடிக்குள்ள இருக்கிறது வருஷக்கடைசி வரைக்கும் செக்கச்செவேல்னு நிக்கிறதும் இதனாலதான்.

'ஈரக்கையால தொடாதே!' - இந்த வசனம் கேட்காம வளர்ந்தவங்க இங்க யாரும் இருக்க முடியாது. அது நூத்துக்கு நூறு சயின்ஸ். தண்ணி பட்ட இடத்துல உப்போட பலம் குறையும், பூஞ்சக்காளான் அங்க குடிவந்துடும். ஆனா அதுகூடவே இன்னொரு சட்டமும் பல வீட்டுல இருந்துச்சு. சில வீட்டுல இன்னமும் இருக்கு. மாசத்துல அந்த மூணு நாள் பொண்ணுங்க ஜாடிப் பக்கமே போகக் கூடாதாம், ஊறுகாய் கெட்டுடுமாம். உப்புக்கும் பாக்டீரியாவுக்கும் அதெல்லாம் தெரியாதுங்க. கையை நல்லாத் துடைச்சுட்டு உலர்ந்த கரண்டியை எடுத்தா, எந்த நாள்ல யார் எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. கழுவின கையை லுங்கியில பாதி துடைச்சுட்டு வந்து ஜாடிக்குள்ள விடுற அண்ணன்மாரைத்தான் முதல்ல தடுக்கணும்.

மரத்தடியில அழுகுது

இவ்வளவு கைப்பக்குவம் இருக்கிற சீமையிலதான் கண் முன்னாடி பழம் வீணாப் போகுது. கோடையில விருத்தாசலத்துலேர்ந்து பண்ருட்டிப் பக்கம் பஸ்ல போங்க. ரெண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டுல கொண்டுவந்த மரம், இன்னைக்கு இந்த மண்ணோட ஜீவனம். விருத்தாசலத்துல இருக்கிற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து வந்த முந்திரி ரகங்களுக்கு ஊர் பேரையே சுருக்கி வி.ஆர்.ஐ.னு வச்சிருக்காங்க. வேர்க்கடலை ரகத்துக்கும் அதே இனிஷியல்தான்.

மரத்துல தொங்குற பழத்துக்குக் கீழே கொட்டை. கொட்டையைத் திருகி எடுத்துக்கிட்டு, பழத்தைப் பெரும்பாலும் அப்படியே போட்டுடுறாங்க. மஞ்சளும் சிவப்புமா மரத்தடி முழுக்கக் கிடந்து அழுகும் வாசனை பஸ்ஸுக்குள்ளயே வரும். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிற பழம்ங்க அது! பிரச்சினை என்னன்னா, பறிச்ச மறுநாளே நொந்துபோகும். சாப்பிட்டா தொண்டையைக் கரகரன்னு பிடிக்கும். டானின்னு ஒரு பொருள் பண்ற வேலை. பசங்க உப்புத் தொட்டுச் சாப்பிட்டுச் சமாளிப்பாங்க. அதைவிட நல்ல வழி, சாறு பிழிஞ்சு கொஞ்சம் சோத்துக்கஞ்சி கலந்து வைக்கிறது. கஞ்சியோட ஸ்டார்ச் டானினைப் பிடிச்சுக்கிட்டு அடியில தங்கிடும். தெளிவை இறுத்து, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சினா சூப்பர் சர்பத். ஒரு எச்சரிக்கை: கொட்டை ஓட்டுல இருக்கிற எண்ணெய் பட்டா தோல் வெந்துடும். கொட்டையை எடுத்துட்டுத்தான் பிழியணும்.

பலா கதை வேற மாதிரி. பண்ருட்டி பலாவுக்கு விளம்பரமே தேவையில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறின 'தானே' புயல், இங்க இருந்த பலாவையும் முந்திரியையும் வேரோட சாய்ச்சுப் போட்டுச்சு. நெல்லுன்னா அடுத்த பட்டம் போடலாம். பலாக் கன்னு நட்டா காய்க்கவே ஏழெட்டு வருஷம். உங்க வயசுப் பசங்க அஞ்சாவது படிச்சு முடிச்சு பிளஸ் டூ எழுதுற வரைக்கும் காத்திருக்கணும். அப்படிக் காத்திருந்து வந்த பழம், சீசன்ல ஒரேயடியா வந்து விலை விழறப்ப மனசு ஆறுமா?

'பாட்டில்ல அடைச்சுட வேண்டியதுதானே?'ன்னு உடனே யூடியூபைத் தேடுவீங்க. அங்கதான் கொஞ்சம் நில்லுங்க. அப்பேர் வழி எல்லாப் பழத்துக்கும் ஒத்துவராது. புளிப்பு அளவு, அதாவது பி.ஹெச். 4.6-க்குக் கீழே இருக்கிற பொருளைத்தான் கொதிநீர்ல வச்சு பாட்டில் பண்ணலாம். மாங்காய், நெல்லிக்காய், எலுமிச்சை இதுல பாஸ். பழுத்த பலா இனிப்புதான், புளிப்பு பத்தாது. காத்துப்புகாத பாட்டில்ல, புளிப்பு இல்லாத இடத்துல வளர்ற ஒரு பாக்டீரியா இருக்கு. அது கக்குற விஷத்துல உயிரே போகலாம். மணம், நிறம் எதையும் வச்சுக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால சுளையை வெறும் சர்க்கரைப்பாகுல போட்டு மூடி, அலமாரியில வச்சு அழகு பார்க்காதீங்க. சோதிச்சுப் பார்த்த அளவுப்படி சிட்ரிக் அமிலம் சேர்க்கணும். இல்லையா, நம்ம பாட்டி வழி: நூத்துக்கு 65 பங்கு இனிப்பு ஏறுற அளவுக்குக் காய்ச்சின ஜாம். இல்லைன்னா கன்னியாகுமரிப் பக்கம் பண்ற மாதிரி, வெல்லமும் நெய்யும் விட்டுச் சுருளச் சுருளக் கிண்டுற வரட்டி. கை வலிக்கும். குடும்பமே முறை வச்சுக் கிண்டுறதுக்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை!

ஜாடிக்காரங்க கதையும் இதே சோகம்தான். எடை இல்லாத, உடையாத, விலை மலிவான பிளாஸ்டிக் டப்பா வந்ததும் ஜாடி பரணுக்குப் போச்சு. கடையில முப்பது ரூபாய்க்கு ஊறுகாய் கிடைச்சதும் பரண்ல இருந்ததும் எடைக்குப் போச்சு. தொழிற்பேட்டையில ஒரு காலத்துல கைகொடுத்த இன்னொரு பொருள், வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கேரியர். வீட்டுக்கு வீடு ட்ரிப் சுவிட்ச் வந்ததும் அதுக்கும் மவுசு குறைஞ்சது. இப்ப கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மைன்னு சீசன் பார்த்து ஓடுது வண்டி. மாங்காய்க்குச் சீசன் இருக்கிற மாதிரி, அதை வைக்கிற மண்ணுக்கும் சீசன் வந்துடுச்சு.

போனீங்கன்னா ஜாடி வாங்காம வராதீங்க. எப்படிப் பார்த்து வாங்குறது? விரல் முட்டியால தட்டுங்க. 'ணங்'னு கணீர்னு கேட்கணும். 'டொக்'னு கேட்டா எங்கேயோ விரிசல். உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க, மெருகுல தலைமுடி மாதிரி கீறல் இருந்தா எண்ணெய் அதுக்குள்ள போய் உட்கார்ந்து காறும். கலர் கலரா இருக்கிற அலங்காரச் சாமானுல ஊறுகாய் போடாதீங்க. சில மட்டமான வர்ண மெருகுல ஈயம் இருக்கும், புளிப்பு பட்டா அது கரைஞ்சு சாப்பாட்டுல இறங்கும். சாப்பாட்டுக்குன்னு செஞ்ச ஜாடிதானான்னு வாயைத் திறந்து கேட்டு வாங்குங்க.

கடைசியா மூடியைப் போட்டுச் சுத்திப் பாருங்க. ஆடுதா? வெட்கப்படாம அடுத்த ஜாடியையும் அதோட மூடியையும் எடுக்கச் சொல்லுங்க. ஒண்ணாச் சுட்ட ஜோடி கிடைக்கிற வரைக்கும் விடாதீங்க. கிடைச்சதும் ஜாடிக்குள்ள பழைய டி-ஷர்ட் ரெண்டைத் திணிச்சு, மூடியைத் தனியாத் துண்டுல சுத்தி பேக்ல வச்சுக்கிட்டு ஸ்டேஷனுக்கு நடங்க. ரயில்ல ஜன்னல் சீட்டை யாருக்காவது விட்டுக் கொடுத்துடலாம். ஜாடிக்கு மட்டும் காலுக்கு நடுவுல இடம் ரிசர்வ் பண்ணிடுங்க!